ஷாக்கைக் கழற்றிய சைக்கிள்

சைக்கிளை வேகமாக ஓட்டுவதில் என்ன பெரிய சாமர்த்தியம் இருக்கிறது? காலில் வலு இருந்தால் எந்தத் தடிமாடும் ஓட்டும். மெதுவாக ஓட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி. கோலார் தங்கவயலில் அந்தச் சங்கதி தெரிந்தவள் குணசுந்தரி. சாம்பியன் ரீப்ஸ் மைதானத்தில் வருஷா வருஷம் ஜனவரி முதல் தேதி விளையாட்டுப் போட்டி நடக்கும். அதில் பெண்களுக்கு ஸ்லோ சைக்கிள் ரேஸ் உண்டு. இரண்டு சுண்ணாம்புக் கோட்டுக்கு நடுவே ஓட்ட வேண்டும், கால் தரையில் படக்கூடாது, கடைசியாக வந்து சேருகிறவளுக்குத்தான் பரிசு. எத்தனை வருஷம் அந்தப் பரிசு குணசுந்தரி வீட்டுக்குப் போனது என்று அவள் வீட்டுப் பாத்திர அலமாரியைத் திறந்தால் தெரியும்.

குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுக்குச் சைக்கிள் தெரியாது. சுரங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு ஆயாவாக வேலை கிடைத்தது. ஷிப்டு மாறி மாறி வரும், நடந்து போனால் கட்டாது. புருஷன் கோபால்தான் லைன் வீடுகளுக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடிக் கற்றுக்கொடுத்தார். அவர் சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்கிற கூண்டின் ஆபரேட்டருக்கு மணி அடிக்கும் வேலையில் இருந்தார். இத்தனை பேரைப் பத்திரமாக இறக்குகிற எனக்கு உன்னை இறக்கத் தெரியாதா என்று சொல்லிச் சொல்லியே பத்துத் தடவை கீழே போட்டார். லேடீஸ் சைக்கிள் ஒன்று வாங்கியதும் அவளை எல்லோரும் சைக்கிள் ஆயா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவளுக்கு ஈடு கொடுக்க ஒரே ஒருத்திதான் இருந்தாள். தங்கவயலிலேயே நந்திதுர்க் பகுதியில் தையல் டீச்சராக இருந்த பிலோமினா. மற்ற பெண்கள் எல்லாம் பாதித் தூரத்துக்குள் காலை ஊன்றிவிட்டுச் சேலையை உதறிக்கொண்டு ஓரமாகப் போய்விடுவார்கள். அப்புறம் இவர்கள் இருவரும்தான். பக்கத்துப் பக்கத்துக் கோட்டில், நிற்கிற மாதிரியும் போகிற மாதிரியும், பிரேக்கைப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு, இஞ்ச் இஞ்சாக வருவார்கள். வருகிறபோது வாய் சும்மா இருக்குமா? சிரிக்க வைத்துக் கவிழ்ப்பதுதான் இருவருக்கும் ஆயுதம்.

"குணா, உன் வீட்டுக்காரரு உன் மஞ்ச பொடவைய கட்டிகினு நிக்கறாரு பாருடி!"

"கட்டிகினா கட்டட்டும். உங்க வீட்டு கோழிக் கொழம்ப நாய் இழுத்துகினு போவுது, நீ அத பாரு."

பொய் சொல்லலாம், எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் சாவைப் பற்றியும் சுரங்கத்துக்குள் நடப்பதைப் பற்றியும் மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, புருஷனைக் கீழே அனுப்பிவிட்டு மேலே உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அது தானாகவே தெரியும். மீதி எது சொன்னாலும் ரேஸில் சொன்னது பொய் என்று வைத்துக்கொள்ள வேண்டும், நம்பினவள் விழுவாள். இப்படி இருபது வருஷம் ஓடிப்போயிற்று. ஐயோ, அந்தச் சிரிப்பை நினைத்தால் குணசுந்தரிக்கு வருஷம் பூராவும் வயிறு நிறைந்திருக்கும்.

பழைய லேடீஸ் சைக்கிள் ஒருநாள் நடுவில் விட்டுப்போனது. வெல்டிங் வைத்தார்கள், அதுவும் விட்டது. கோபால் பெங்களூர் போய் ஒரு புது வண்டியோடு வந்து இறங்கினார். பருமனான டயர், கியர், முன்பக்கம் இரண்டு குழாயிலும் ஸ்பிரிங் வைத்த ஷாக் அப்சார்பர். லைனே கூடிவிட்டது. கோபால் ஹேண்டிலைப் பிடித்து அழுத்திக் காட்டுவார், வண்டி மூக்கை இறக்கி ஏற்றும்.

"மோட்டார் பைக்ல கீறத இதுல வச்சிருக்கான். இனிமே என் பொண்டாட்டிக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது."

ஆஸ்பத்திரிக்குப் போய்வர அது ராஜ வண்டிதான். குணசுந்தரி வாய் நிறையச் சிரித்துக்கொண்டுதான் ஏறினாள். ஆனால் ரேஸ் அன்றைக்குக் கதை கந்தலாயிற்று. இரண்டாயிரமாவது வருஷம் முதல் தேதி. விசில் ஊதியதும் வழக்கம்போல முன் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி மூக்கைக் கீழே அமுக்கியது. பிரேக்கை விட்டாள். மூக்கு எழும்பி அவளைப் பின்னால் தள்ளியது. ஆளின் எடை எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு கஜம் போவதற்குள் பொத்தென்று சாய்ந்தாள். முதலில் விழுந்தது சைக்கிள் ஆயாதான்! பிலோமினா தனியாக, பேச ஆளில்லாமல், உம்மென்று போய்ச் சேர்ந்து ஒரு சம்படத்தை வாங்கிக்கொண்டாள்.

"ஜெயிச்ச மாதிரியே இல்லடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் முழுக்க ஊரில் வேறு பேச்சே இல்லை. சுரங்கத்தை மூடப்போகிறார்கள், இன்றைக்கு மூடுகிறார்கள், நாளைக்கு மூடுகிறார்கள். மைதானத்துப் போட்டியும் வருகிற ஜனவரியோடு சரி என்றார்கள். குணசுந்தரிக்குச் சுரங்கத்தைப் பற்றிக் கவலை இல்லாமல் இல்லை. ஆனாலும் அடிமனசில் கிடந்து அரித்தது வேறு. கடைசி ரேஸ், அதிலும் நான் இரண்டு கஜத்தில் விழுந்து பிலோமினாவைத் தனியே விட வேண்டுமா? ஒரே ஒரு தடவை, அந்தக் கோடு முடிகிற வரைக்கும் அவள் பக்கத்திலேயே போக வேண்டும். அதற்கு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

டிசம்பர் மாதம் ராபர்ட்சன்பேட்டையில் நாகேஷ் சைக்கிள் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஷாக்கை எடுத்துவிட்டுச் சாதா போர்க் போடச் சொன்னாள். சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற அந்தக் கவட்டைக்குத்தான் போர்க் என்று பெயர். நாகேஷ் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"பேடாக்கா, பேடா, வேணாம். ஊரெல்லாம் சாதாவ எடுத்துட்டு ஷாக்கு போடச் சொல்லுது, நீங்க இன்னாக்கா ஏறுமாறா கேக்கறீங்க?"

"நான் இன்னா மலை ஏறவா போறேன்? நிக்கணும்பா எனக்கு. வண்டி அசையாம நிக்கணும்."

அவன் அளந்து பார்த்தான். இந்தச் சக்கரத்துக்கும் இந்த பிரேக்குக்கும் ஒத்துப்போகிற சாதா போர்க் இங்கே கிடைக்காது, பெங்களூரில் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது, வரவில்லை. இது எப்படியோ பிலோமினா காதுக்கு எட்டிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் கோணியில் சுற்றிய ஒரு பொருளைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பூனாவில் வேலை பார்க்கும் அவள் மகன் படிக்கிற காலத்தில் ஓட்டிய கியர் சைக்கிளின் போர்க். ஷாக் கிடையாது, வெறும் இரும்புக் குழாய்.

"பையன் வந்தா ஓட்ட மாட்டானா?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"அவன் எங்கடி வரான். சாமானெல்லாம் ஒழிச்சிகினு கீறேன், எடுத்துக்க. விழுந்தவள ஜெயிச்சு எனக்கு இன்னா பேரு வரப்போவுது?"

கிறிஸ்துமஸ் வந்தால் வீடு ஒழிப்பது வழக்கம்தானே என்று குணசுந்தரி நினைத்தாள். பிலோமினாவின் புருஷன் ரிச்சர்ட் முன்கூட்டியே ரிட்டயர்மென்ட் வாங்கியிருந்தார். ஆனால் அப்படி வாங்கினவர்கள் எல்லாம் கம்பெனி வீட்டிலேயேதான் இருந்தார்கள், யாரும் போகவில்லை. அதனால் அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

நாகேஷ் முன் சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றினான், ஹேண்டிலைத் தூக்கினான், ஷாக்கை உருவினான். கிண்ணத்தில் கிரீஸ் தடவி பேரிங் குண்டுகளை வரிசையாகப் பதித்து, பிலோமினா கொடுத்த போர்க்கை ஏற்றினான். கழுத்துத் தண்டு கொஞ்சம் நீளமாக இருந்தது, வாஷர் போட்டுச் சரிக்கட்டினான். வண்டியின் மூக்கு முன்னைவிடத் தாழ்ந்திருந்தது. குணசுந்தரி ஏறி பிரேக்கைப் பிடித்தாள். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. "ஆங்... இதுதான் சைக்கிளு!" என்று கடைத்தெருவில் கத்திவிட்டாள்.

வீட்டில்தான் வினை வந்தது. கோபால் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கழற்றிய ஷாக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, முருகர் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். மூன்றாம் நாள் தானே இறங்கி வந்தார்.

"சரி, போ. ஆசையா வாங்கினேன், அவ்ளோதான். ஆனா ஒண்ணு, இத போட்டுகினும் விழுந்தே, ஊட்டுக்கு வராத."

ஜனவரி ஒன்று வந்தது. மைதானம் முழுக்க ஜனம். எல்லோருக்கும் கடைசி என்று தெரிந்துதான் வந்திருந்தார்கள். எப்போதோ பெங்களூரில் குடியேறினவர்கள்கூட ரயிலேறி வந்து பழைய ஆட்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். விசில் ஊதியது. எட்டுப் பெண்கள் கிளம்பினார்கள், பாதி வழியில் ஆறு பேர் காலை ஊன்றினார்கள். மிச்சம் இரண்டு பேர்.

குணசுந்தரிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வண்டி அவள் இடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் பிலோமினா, அதே மூக்குக் கண்ணாடி, அதே இடுங்கின கண்.

"குணா, உன் ஜாக்கெட்டு பின்னால கிழிஞ்சிருக்குது."

"நீ தச்சது, கிழியாம இன்னா பண்ணும்?"

கூட்டம் கத்தியது. இருவரும் ஒரு முழம் நகர்ந்தார்கள். பிலோமினா பிரேக்கை இன்னும் ஒரு தடவை பிடித்து விட்டாள். அப்புறம் சொன்னாள்.

"குணா, நாங்க போறோம்டி. பூனாவுக்கு, பையன் கிட்டயே. லாரி வந்துடிச்சு. சாயந்தரம் பங்காருபேட்டையில ரயிலு."

இருபது வருஷத்தில் கேட்ட பொய்களில் இதுதான் பெரிது என்று குணசுந்தரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் பிரேக்கைப் பிடித்த கை அசையவில்லை.

"போடி, போ! ஒரு சனி விட்டுச்சுன்னு தேங்கா ஒடைக்கறேன். போய்ச் சேர்ந்து கடுதாசி போடு!"

பிலோமினாவும் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள், கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வழிந்தது. ஹேண்டில் இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது, கால் தரையில் பட்டது. குணசுந்தரி கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டினாள். கோபால் துண்டைச் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தார்.

பரிசு எவர்சில்வர் குடம். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு பிலோமினாவைத் தேடினாள், காணோம். பழைய ஷிப்டு ஆட்களிடம் கைகொடுத்துக்கொண்டே வந்த ரிச்சர்ட் அவள் முன்னால் நின்றார்.

"வரேன் சிஸ்டர். உங்க கிட்ட எப்டி சொல்றதுன்னு ஒரு மாசமா அழுதுகினு இருந்தா. நீங்க சிரிச்சிகினே அனுப்பி வச்சீங்களாம், இப்போதான் சொல்லிட்டு வீட்டுக்கு ஓடறா. மனசு லேசாயிடுச்சு அவளுக்கு."

குடம் கோபால் கைக்கு எப்படிப் போனது என்று குணசுந்தரிக்குத் தெரியாது. சைக்கிளில் ஏறினாள். ஓட்டினாள் பாருங்கள் ஒரு ஓட்டு! மெதுவாகப் போய்ப் பேர் வாங்கினவள், சேலை பறக்க, பெடல் கதற, நந்திதுர்க் ரோட்டில் விட்டாள். அந்த ரோட்டில் ரோடு எங்கே இருந்தது? ஒவ்வொரு கல்லும் அந்தச் சாதா போர்க் வழியாக ஏறி மணிக்கட்டில் அடித்தது, தோளில் அடித்தது, பல்லில் அடித்தது. தேங்காய் உடைக்கிறேன் என்று சொன்னேனே, என் வாயில் புழு வைக்க, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே போனாள்.

லாரியில் பீரோ ஏறிவிட்டது. பிலோமினா தையல் மிஷினைக் கோணியால் சுற்றிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதயா ரேஸ்ல சொல்லுவ? அறிவு கீதாடி உனக்கு?"

"வேற எங்க சொன்னா நீ சிரிப்ப? வீட்டுக்கு வந்து சொன்னா அழுவ. நீ அழுதா நான் எப்டி இந்த லாரியில ஏறுவேன்?"

"நான் நம்பல."

"நம்ப மாட்டேன்னு தெரிஞ்சுதானே சொன்னேன்."

குணசுந்தரி அழுதாள், தெருவே பார்க்க, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். பிலோமினா எழுந்து வந்து அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தேய்த்துவிட்டாள், அவை சிவந்து வீங்கியிருந்தன. ரிச்சர்ட் வந்து சேர்ந்தார். லாரிக்காரன் நேரமாகிறது என்று இரண்டு தடவை ஹாரன் அடித்தான். பிலோமினா முன்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அடுத்த ஒண்ணாந்தேதி வந்துடறேன்டி. ரேஸ் வச்சாலும் சரி, வைக்காட்டியும் சரி" என்றாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே.

குணசுந்தரி கதவைப் பிடித்தபடி அவள் முகத்தைப் பார்த்தாள். கால் தரையில்தான் இருந்தது, விழுவதற்கு இனி எதுவும் இல்லை.

"சரிடி, நம்பறேன்" என்றாள்.