இடக்கன்னத்து மச்சம்

கதை என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். செல்வதாஸுக்குப் பொய் சொல்ல வராது. பொய் சொல்லித் தன்னையே தேற்றிக்கொள்ளத் தெரிந்த மனுஷனாக இருந்திருந்தால் அவருக்கு இத்தனை அழுகை வந்திருக்காது.

1933-ஆம் வருஷம் அது. நாகர்கோவிலில் அவர் ஒரு ஓவிய ஸ்டுடியோ வைத்திருந்தார். செத்தவர்களுக்குக் கண் திறப்பதுதான் தொழில். சவப்பெட்டியைச் சுற்றி நின்று எடுத்த போட்டோவை வீட்டுக்காரர்கள் கொண்டுவருவார்கள். அதைப் பார்த்து, மூடிய கண்ணைத் திறந்து, உயிரோடு இருப்பதுபோல எண்ணெய்ச் சாயத்தில் வரைந்து கொடுப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன் மனைவி நேசபாய் காலராவில் போனாள். உயிரோடு எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. ஊரார் முகத்தையெல்லாம் வரைந்தவர், அவளை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிவிட்டார். அடக்கத்தன்று எடுத்த போட்டோவின் கண்ணாடி நெகட்டிவ் தகட்டைக் காகிதத்தில் பிரதி போடும்வரைகூடப் பொறுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே அவளை வரைந்தார். பிறகு அந்தத் தகடும் உடைந்துபோயிற்று.

நேசபாயின் தங்கை தேவகனி கொழும்பிலிருந்து வந்தாள். படத்தின் முன் வெகுநேரம் நின்றாள்.

"அத்தான், அக்காளுக்கு மச்சம் வலக்கன்னத்துலயில்லா? நீங்க இடக்கன்னத்துல வச்சிருக்கீய. தகட்டைத் திருப்பிப் பிடிச்சீயளோ?"

செல்வதாஸ் யோசித்து யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. அந்தப் படத்தையே தினமும் பார்த்து, நிஜ முகம் மனதிலிருந்து அழிந்துவிட்டிருந்தது. கூடவே குடித்தனம் நடத்தியவளின் மச்சம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இப்படியும் ஒரு புருஷனா என்று தன்னையே வெறுத்துக்கொண்டார்.

அப்போதுதான் தாணப்பன் வந்தான். நொடித்துப்போன சினிமாக் கொட்டகையில் மெஷின் ஓட்டியவன். கையில் பிலிம் சுருள் வைத்த ஒரு தகர டப்பா.

"ஓய், உங்க சபை அசனத்தைப் படம் புடிச்சோம். ஒருதடவகூட ஓட்டல்ல. பந்தியில பெண்டுவ எல்லாம் இருக்கு. வேணும்னா வச்சிக்கிடும்."

தேவாலயத்தில் சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனம். நேசபாய் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. அவள் போனபின் செல்வதாஸ் அந்தப் பக்கமே போனதில்லை.

தையல் மெஷின் சக்கரம், சுவர்க் கடிகாரத்தின் பல்சக்கரங்கள், சைக்கிள் செயின், மிஷன் பங்களா ஏலத்தில் எடுத்த லென்ஸ்… எல்லாவற்றையும் பூட்டி, கழற்றி, மறுபடி பூட்டி, படம் காட்டும் மெஷின் ஒன்றைச் செய்தார். அவளை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும். மச்சத்தைச் சரியாக வைத்துவிடலாம்.

ஐப்பசி மழை. மத்தியானம். ஜன்னல்களைச் சாக்கால் மூடினார். கார்பைட் விளக்கை ஏற்றிக் கைப்பிடியைச் சுற்றினார்.

டக்… டக்… டக்…

வெள்ளைத் துணியில் சபையின் பெயர்ப்பலகை தெரிந்தது. எழுத்துகள் நேராக இருந்தன. படம் இடம்வலம் மாறவில்லை என்று உறுதியானது. பிறகு பந்தி. வாழை இலைகள். பெண்கள்.

வரிசையின் கடைசியில் அவள்.

மச்சம்… இடக்கன்னத்தில்!

"நான் மறக்கல்ல நேசம்… மறக்கல்ல…" என்று குலுங்கி அழுதார். மறுபடி ஓட்டினார்.

அவள் முந்தானையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வியர்வையாக இருக்கும்.

பரிமாறுகிறவன் எல்லா இலையிலும் சோறு வைத்தான். அவளை மட்டும் தாண்டிப் போனான்.

செல்வதாஸின் கை நின்றது.

படமும் நின்றது.

அவள் கை மட்டும் நிற்கவில்லை…

கதவு தட்டும் சத்தம். விளக்கை அணைத்துவிட்டுத் திறந்தார். மழையில் நனைந்தபடி தாணப்பன்.

"ஓடிச்சா ஓய்?"

"இது… எந்த வருஷத்து அசனம்?"

"போன வருஷந்தான். காமிராவே முப்பத்தொண்ணுலதானே வாங்கினோம்."

அவள் செத்தது முப்பதில்.

செல்வதாஸ் மெல்லத் திரும்பி, சுவரில் தான் வரைந்த படத்தைப் பார்த்தார்.

மூன்று வருஷம் காய்ந்த சாயம். இடக்கன்னத்து மச்சம் பாதி கலைந்து, காதுவரை கறுப்பாக இழுபட்டிருந்தது. தொட்டார். ஈரம்.

தேவகனி சொன்னதே சரி. அவர் செய்த பிழையை நேசபாய் துடைத்துக்கொண்டிருக்கிறாள். செத்தபிறகும்… தனியாக…

சாயம் கரைக்கும் டர்பன்டைன் துணியை எடுத்தார்.

"விடு நேசம்… நான் துடைக்கேன்."