மதினி முடிக்காத வசனம்

கரும்பலகையில் வெண்கட்டியால் ‘த ஹவுஸ் வாஸ் பில்ட் பை’ என்று எழுதிவிட்டு, இனி ஓர் எழுத்துக்கூட எழுதமாட்டேன் என்று நின்ற மதினியின் முதுகுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மதினி என் நானாவின், அதாவது அண்ணனின், மனைவி. கல்பிட்டியில் எங்கள் வாசிகசாலை மண்டபத்தில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் பெண்களுக்கு மட்டும் நடந்த இங்கிலிஷ் வகுப்புக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். டீச்சர் சிலாபத்துப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. எங்கள் எல்லோரிலும் வயதில் இளையவர். “அந்த வீட்டைக் கட்டினது ஆர் அக்கா? ‘பை’க்குப் பிறகு அவரிட பேர் வரவேணும். எழுதுங்கோ” என்றார். மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

விளங்காததில் அதிசயமில்லை. வீட்டைக் கட்டியது நானா. புருஷன் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று மதினியின் உம்மா சொல்லி வளர்த்திருந்தார். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று பள்ளிவாசல் ஹஸரத்தே சொல்லிப் பார்த்துவிட்டார். மதினி பணிவாகக் கேட்டுக்கொண்டார், ஆனால் மாறவில்லை. நானாவைக் கூப்பிட “இஞ்ச பாருங்க”, மற்றவர்களிடம் சொல்ல “அவங்க”, கோபம் வந்தால் “பிள்ளையளுட வாப்பா”. கல்யாணம் முடித்த நாளிலிருந்து இந்த மூன்றை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டார். நானாவின் பெயருள்ள சோடாக்கடைக்காரரைக்கூட “அந்தச் சோடாக் கடை” என்றுதான் சொல்வார் என்றால் பாருங்களேன்!

கடலில் பட்டம் கட்டிச் சறுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் எங்கள் பக்கம் வரத் தொடங்கியபோது, வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறைகளை ஒதுக்கி வாடகைக்கு விட்டது மதினியின் யோசனை. வந்தவர்களோடு கதைக்க வேண்டுமே! அதற்காகத்தான் வகுப்பு. “தமிழே ஒழுங்கா வராது, இங்கிலிஷாம்!” என்று நானா சீண்டுவார். மதினி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

வகுப்பில் எங்களுக்கெல்லாம் தலை சுற்றிய பாடம் ஒன்று மதினிக்கு அல்வா மாதிரி இறங்கியது. வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம் தனியே நடக்காது, முன்னால் ‘இஸ்’ஸோ ‘வாஸ்’ஸோ கையைப் பிடிக்க வேண்டும், பின்னால் ‘இன்’, ‘ஒன்’, ‘டு’, ‘பை’ என்று ஏதாவது ஒன்று இடத்தையோ ஆளையோ கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று டீச்சர் விளங்கப்படுத்தினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மதினி வசனம் கட்டிக்கொண்டே வந்தார். சோறு சமைக்கப்படுகிறது, பானையில். மீன் வெட்டப்படுகிறது, துண்டுகளாக. துணி காயப்போடப்படுகிறது, கயிற்றில். தமிழில் இப்படிப் பேசினால் ஊர் சிரிக்கும். ‘கட்டப்பட்டது’, ‘காணப்பட்டது’ எல்லாம் பத்திரிகைக்கும் பொலிசுக்கும் உரியவை. நாங்கள் “மீன் வெட்டியாச்சு” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள். வெட்டியது யாரென்று எல்லோருக்கும் தெரியும். மதினிக்கு இங்கிலிஷில் பிடித்ததும் அதுதான் என்று நினைக்கிறேன். செய்தவரைச் சொல்லாமலே ஒரு வசனத்தை மரியாதையாக முடிக்கலாம்.

ஆனால் விருந்தினர்கள் விடுவார்களா? முற்றத்தில் நின்று வீட்டைப் பார்த்து, “யார் கட்டியது?” என்று ஆசையாகக் கேட்பார்கள். மதினி, நானா மீன்பிடிக்கப் போயிருக்கும் கடல் பக்கம் கையைக் காட்டி, “பில்ட் பை தட் பெர்சன்” என்பார். அவர்கள் கடலைப் பார்ப்பார்கள். ‘பை ஹிம்’ என்றே சொல்லலாம் என்று டீச்சர் ஒருநாள் சொல்லிக்கொடுத்ததும் மதினிக்கு உயிர் வந்தது. “இத முதல்லயே சொல்லப்படாதா புள்ள?” என்று அந்தப் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினார்.

அந்த வருட வாடைக் காலத்தில்தான் நானாவும் கூட ஒரு கூட்டாளியும் போன எங்கள் படகு வரவில்லை. பகலில் வரவேண்டிய படகு பின்னேரமும் வரவில்லை. மறுநாள் மற்றப் படகுகள் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பின. கடற்படைக்கும் அறிவித்தோம். இயந்திரம் நின்றுபோயிருந்தால் வாடைக்காற்று படகை ஆழக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. நாட்கள் போகப் போக வீடு நிறையப் பெண்கள் வந்து உட்கார்ந்து குர்ஆனில் யாசீன் அத்தியாயம் ஓதினார்கள். எங்கள் உம்மா பாயில் சுருண்டுவிட்டார். ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நல்ல மனிசனா இருந்தான்” என்றார். மதினி சட்டென்று எழுந்து, “இருந்தான் இல்ல மாமி, இரிக்காங்க” என்றார். பிறகு குசினிக்குள் அடுப்புப் பக்கம் போய்விட்டார். அந்த நம்பிக்கை என்னிடம் இருக்கவில்லை.

மதியத்து லுஹர் தொழுகை முடிந்த நேரம், மதினியின் போன் அடித்தது. நீளமான, எங்கள் நாட்டுக்குச் சேராத இலக்கம். ஏதோ ஒரு தேசத்து ஆண்குரல், கடல் இரைச்சலுக்கு நடுவே, இங்கிலிஷில். தூரப் பயணம் போகும் சரக்குக் கப்பலொன்றின் அதிகாரியாம். படகின் பக்கவாட்டில் ‘அறைகள் உண்டு’ என்று இங்கிலிஷில் எழுதி இந்த இலக்கத்தையும் போட்டிருந்ததாம். அதை எழுதுவித்தது மதினி. “கடலுக்குள்ள ஆரு பாக்கப் போற, சூரை மீனா?” என்று நானா கேலி செய்த அதே விளம்பரம்.

“டூ மென் வேர் ஃபவுண்ட்” என்றது குரல்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கண்டெடுக்கப்பட்டார்கள் என்று கேட்டதும் நான் உம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கடலில் கண்டெடுப்பது எதையெதையெல்லாம் என்று கரையில் பிறந்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதினி அழவில்லை. அவருடைய இங்கிலிஷ் அன்றைக்கு நிமிர்ந்து நின்றதுபோல் என்றைக்கும் நின்றதில்லை.

“ஃபவுண்ட் இன் த சீ?” என்று கேட்டார். ஒரு மூச்சு விட்டு, “ஓர் ஒன் த போட்?”

“ஒன் த போட், மேடம். அலைவ். போத்.”

மதினி அப்படியே சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். “படகுலயாம்... உசிரோடயாம்... ரெண்டு பேரும்” என்றார். ஓதிக்கொண்டிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். மதினி கையை உயர்த்தி அத்தனை பேரையும் அடக்கினார், கப்பல்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீரில்லாமல் வாடிப்போய் இருவரும் மருந்து ஏற்றிக்கொண்டு கிடக்கிறார்கள், பேசும் நிலையில் இல்லை. படகின் சொந்தக்காரர் யார்? கரைக்கு அறிவிக்க அவருடைய முழுப்பெயர் வேண்டும்.

மதினி, “ஹிம்... மை ஹஸ்பண்ட்” என்றார். அது போதாது, பெயர் வேண்டும் என்று குரல் மறுபடியும் பொறுமையாகக் கேட்டது. நான் கையை நீட்டினேன். எனக்கென்ன தடை, என் கூடப்பிறந்தவர் பெயரை நான் சொல்லிவிடுவேன். மதினி போனைத் தரவில்லை. பாயிலிருந்து உம்மா தலையைத் தூக்கி, “சொல்லு மகள், அல்லாஹ் பாத்துக்கொள்வான்” என்றார்.

மதினி கண்ணை இறுக மூடினார். பிறகு நானாவின் பெயரை, எங்கள் வாப்பாவின் பெயரும் சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாகவும் முழுதாகவும், தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கப்பல்காரருக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னார். முற்றத்தில் நின்ற ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்தப் பெயரை அத்தனை ஆசையோடு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெற்ற உம்மாகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. இங்கே அதை எழுதிவிடலாம்தான். மதினி வாசித்தால் என்னை உயிரோடு விடமாட்டார்.

“போன என்னட்டத் தந்திருக்கலாமே மதினி?” என்று பிறகு கேட்டேன். “கைமாறுற நேரத்துல லைன் கட்டானா என்ன செய்யிற?” என்றார். அவ்வளவுதான் விளக்கம். ஆனால் அன்று பின்னேரமே ஏழை வீடுகளுக்குச் சோறு ஆக்கிக் கொடுத்தனுப்பினார். பெயர் சொன்னதற்குப் பரிகாரமா, உயிர் கிடைத்ததற்கு நன்றியா என்று நான் கேட்கவில்லை.

கப்பல் எங்கோ ஒரு துறைமுகத்தில் இறக்கிவிட, வாழ்நாளில் முதல் தடவையாக பிளேன் ஏறி நானா வீடு வந்தார். மெலிந்து, தாடி வளர்ந்து, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. மதினி பெயர் சொன்ன கதையை வீட்டு வாசலுக்கு வருமுன்னமே ஊர் அவருக்குச் சொல்லிவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால், மெல்லச் சிரித்தபடி கேட்டார்: “ஊரெல்லாம் கேட்டிட்டாங்க. நான் மட்டுந்தான் கேக்கல்ல. எனக்கும் ஒருக்காச் சொல்லன் பாப்பம்.”

இப்போதும் கேட்கிறார். தலை நரைத்துவிட்டது, பிள்ளைகள் பிள்ளை பெற்றுவிட்டார்கள். அவர் கேட்பதை விடவில்லை, மதினி பதிலையும் மாற்றவில்லை. அன்றைக்குக் கண் நிறைந்த தண்ணீரோடு சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறார்:

“அது கப்பலுக்குச் சொன்ன. நீங்கதான் வந்திட்டீங்களே.”