சித்தூருக்கு மாற்றலாகாத முனிரத்தினம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. திருப்பதியில் எங்கள் டயாலிசிஸ் வார்டின் டெக்னீஷியன் முனிரத்தினம் அண்ணன், நகரியில் தன் வீட்டில் மாரடைப்பால் இறந்துவிட்டார். எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. கணக்குதான் எங்கோ இடித்தது. கிட்னி ராஜினாமா கொடுத்தவர்கள் நாங்கள். பதினேழு வயதில் நான்தான் அதில் பொடியன். படுத்திருந்தவர்கள் எல்லாரும் இருக்க, ஊசி போட்டவர் போனால் எப்படி?

காலை ஷிப்டு நோயாளிகளே, நீங்களும் அவரிடம் மாட்டியிருப்பீர்கள். மெஷினில் போடுமுன் எடை பார்ப்பார்கள். ஏறியிருப்பதெல்லாம் நாம் திருட்டுத்தனமாகக் குடித்த தண்ணீர். நான் ஏறி நின்றால், பின்னாலிருந்து எடை மெஷினில் தன் கால் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். "இன்னா ராஜா, டேமையே குடிச்சிக்கினு வந்துட்டியா?" பதறித் திரும்பினால் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் காலை எடுத்துவிட்டு ஒழுங்காக எழுதிக்கொள்வார். ஊரை ஏய்க்கிற என்னை ஏய்த்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம். நோயாளி யாராவது இறந்துவிட்டால், "அவரு சித்தூர் சென்டருக்கு மாறிட்டாரு" என்பார்கள் நர்சுகள். மெஷினில் இருக்கும்போது நாங்கள் பயந்துவிடக்கூடாதாம். "அப்போ சித்தூர்ல பெட்டே காலி இருக்காது, நின்னுக்கினுதான் டயாலிசிஸ் பண்ணணும் சிஸ்டர்" என்று சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். பக்கத்துப் படுக்கை பாஸ்கர் மாமா வராத அன்று, "சித்தூரா?" என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் என் படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இல்லப்பா, செத்துட்டாரு. நிமோனியா. எதனா கேக்கணும்னா கேளு."

 சொல்லிவிட்டு அவர் எழுந்து போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை விஜயம்மா டயாலிசிஸுக்கு வந்தார். சந்திரகிரிக்காரர், போன் கிடையாது, செய்தி தெரியாது. கால் வீங்கி, மூச்சு வாங்கியது. புது சிஸ்டர் ஊசியோடு வந்ததும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"முனிரத்தினம் வரட்டும். வேற யாருக்கும் கை குடுக்க மாட்டேன்."

"அவரு சித்தூர் சென்டருக்கு மாறிட்டாரும்மா."

"அப்போ நானும் சித்தூருக்கே போறேன்" என்று செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. பாதியில் அது சிரிப்புதானா என்று சந்தேகமாகிவிட்டது. அந்த மூச்சோடு அவர் பஸ் ஏறினால் சித்தூர் போய்ச் சேரமாட்டார். நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"விஜயம்மா, அண்ணன் செத்துட்டாரு. நேத்து. மாரடைப்பு."

சிஸ்டர் என்னை எரிக்கிற மாதிரி பார்த்தார்.

"வெளாடாதடா."

"வெளாடலம்மா."

"அய்யோ தேவுடா" என்று வாயைப் பொத்திக்கொண்டார். ரொம்ப நேரம் அழுதார். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"எடுத்துட்டாங்களா?"

"இல்ல. சாயங்காலம்தான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையை வெளியே எடுத்து சிஸ்டரிடம் நீட்டினார். "சீக்கிரம் குத்தும்மா. இத முடிச்சிக்கினு நகரி பஸ் புடிக்கணும்."

எனக்கு இன்னும் எதுவும் தெளியவில்லை. நான் செய்தது சரியா என்று சிஸ்டரைக் கேட்டால் வேறு பதில் வரும். எதைச் செய்தாலும் உடனே ஓடிவிடுகிறவன் நான். உண்மையைச் சொல்லிவிட்டு அங்கேயே நிற்பது, அது மட்டும் அண்ணனுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.