பெட்டியைக் கட்டியது யார்

எங்கள் ஊர்ப் பக்கம் வளைகுடாவுக்குப் போகிறவன் தன் பெட்டியைத் தானே கட்டுவதில்லை. கட்டினால் சொந்தக்காரர்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகிவிடும். ஆளாளுக்கு ஒரு பொருளைக் கொண்டுவந்து அவரவர் கையாலேயே வைப்பார்கள். போகிறவன் இஸ்திரி போட்ட சட்டையோடு ஓரமாக நின்றால் போதும். நாலு பேர் நடுவில் வாய் திறக்காத எனக்கு அது தோதாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளில் மஸ்கட்டில் ஒரு தையல்கடையில் எனக்கு வேலை கிடைத்தது. விசாவின் கெடு முடியப்போகும் நேரம். அந்த விமானத்தை விட்டால் வேலையும் போய்விடும். எங்கள் ஊரான காரோட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் திருவனந்தபுரம் விமான நிலையம்வரை வந்து என்னை இறக்கிவிட்டார்கள்.

உள்ளே பெட்டிகளைச் சோதிக்கும் இடத்தில் இருந்த போலீஸ்காரர் நெய்யாற்றின்கரைக்காரர் என்பது மலையாளமும் தமிழும் கலந்த பேச்சிலேயே தெரிந்தது. பாதுகாப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க தில்லியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், கையைக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றார். அதனால் அன்று எல்லாக் கேள்வியையும் விடாமல் கேட்டாக வேண்டும்.

"பெட்டி நீ தன்னே கெட்டியதாணோ?"

"இல்ல சார். எல்லாரும் சேந்தாக்கும்."

போலீஸ்காரர் குரலைத் தாழ்த்தினார். "எடோ, ஆமான்னு பற."

"நான் தொடவே இல்ல சார்."

அதிகாரி என்னவென்று கேட்க, போலீஸ்காரர் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதாயிற்று. பெட்டி உடனே எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போனது. திரையில் பல்லுப் பல்லாக ஓர் இரும்பு தெரிந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியாது. வைத்தது யார் என்றும் தெரியாது. "எல்லாரும் வெளிய வேன்ல உண்டு சார்" என்றேன்.

வாசலுக்கு வெளியே போலீஸ்காரர் பெட்டியைப் பிரித்தார். வைத்தவர்கள் வந்து அவரவர் பொருளை அடையாளம் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. என் மாமியார் எட்டிப் பார்த்தார்.

"எனக்க கருவாட்ட அடியில தள்ளினது ஆரு?"

"நானாக்கும்," என்றார் என் அண்ணி. "கருவாட்டு நாத்தம் எனக்க சக்க வறுவல்ல ஏறப்பிடாதுல்லா."

"ஒனக்க வறுவல் பெரிய பொன்னு."

எல்லாப் பொருளுக்கும் ஆள் கிடைத்தது, இரும்பைத் தவிர. உள்ளே என் விமானத்துக்கு அழைப்பு கேட்டது. எனக்குச் சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. அப்போதுதான் என் மாமனார் வேனிலிருந்து பைய இறங்கி வந்தார்.

"அது தேங்கா துருவியாக்கும். பலகையக் களத்திட்டு இரும்பு நாக்க மட்டும் வச்சேன். அங்க அவன் தேங்கா துருவண்டாமா?"

"அப்போ இண்ணைக்கு நான் தொவையல் இல்லாம சோறு தின்னது ஓம்மாலயாக்கும்," என்றார் மாமியார்.

அதிகாரி துருவியை எடுத்து மாமியார் கையிலேயே கொடுக்கச் சொன்னார். மற்றதை வைத்துக் கட்டலாம் என்றார். ஆனால் எங்கள் ஆட்கள் ஒருவரோடு ஒருவர் முகம் திருப்பி நின்றார்கள்.

"கலைச்சவனே கெட்டட்டு," என்றார் மாமியார்.

நான் கட்டினால் இன்னும் பெரிய சண்டை. நேரமோ இல்லை. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, கருவாட்டையும் பலாச்சுளை வறுவலையும் உள்ளே திணித்து, பெட்டிமேல் முழங்காலை ஊன்றிக் கயிற்றை இறுக்கினார்.

உள்ளே திரும்பியதும் அதிகாரி முதலிலிருந்து ஆரம்பித்தார். பெட்டியைக் கட்டியது யார் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். இதற்குள் அந்தக் கேள்வி எந்த மொழியில் வந்தாலும் எனக்குப் புரிந்தது. தலையைக் குனிந்தபடி போலீஸ்காரரைக் காட்டினேன்.

அதிகாரி அவரைப் பார்த்தார். "யெஸ் சார்," என்றார் போலீஸ்காரர், வியர்வையைத் துடைத்தபடி. அதிகாரி அன்றைக்கு முதல்முறையாகக் கட்டியிருந்த கையைப் பிரித்து, பெட்டிக்கு முத்திரை குத்தச் சொன்னார்.

மஸ்கட்டில் அறையில் இருந்த நம்மூர்க்காரர்கள் வறுவலுக்கு ஆசைப்பட்டு முடிச்சோடு மல்லுக்கட்டினார்கள். அவிழவில்லை.

"எலே மக்கா, இத ஆருடே கெட்டினது?"

"போலீசாக்கும்," என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ஒருவர் கத்தி எடுத்துவரப் போனார்.