வேட்டுக்குப் பதில் கைதட்டல்

ஆகஸ்ட் இருபத்தொன்று, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். விழுப்புரத்தில் மூட்டம். இரவு தூறி ஓய்ந்த ஈரம் தெருவில் கிடந்தது, காற்று இல்லை. ஆவணி பிறந்துவிட்டதல்லவா, எங்கள் தெருவின் எதிர்வரிசையில் யாரோ செல்போன் கடை திறந்தார்கள். திறந்த கையோடு பத்தாயிரம் வாலா ஒன்றைத் தெருவில் நீட்டிப் பற்ற வைத்தார்கள். நான் எழுந்து ஜன்னலைச் சாத்துவதற்குள் புகை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று நிமிடம் இருபது வினாடி வெடித்தது. எண்ணினேன். எண்ணுவது எனக்கு வியாதி. என் மருமகள் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறாள், அதை இங்கே எழுத முடியாது.

சத்தம் நின்றுவிட்டது, நெடி நிற்கவில்லை. கந்தகமும் எரிந்த காகிதமும் கலந்த அந்த நெடி எல்லோருக்கும் தீபாவளியை நினைவுபடுத்தும். என்னை அது திண்டிவனத்துக்குக் கிழக்கே ஓர் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய் விட்டது. ஊர் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் எனக்கு நல்ல பெயர் இருக்கிறது, கெடுத்துக்கொள்வானேன்.

நான் அப்போது வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஏரிக்கரையோரம் பழைய கிடங்கு ஒன்றில் இலங்கையிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். பனையோலைத் தட்டி வைத்து ஐம்பத்தொரு குடும்பமாகத் தடுத்திருந்த கிடங்கு. மாதம் இரண்டு முறை நான் போய் ஆட்களை எண்ண வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். என்னைப் போன்ற ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைத்திருக்க முடியாது என்று பெருமையாக இருந்தேன். எண்ணப்படுகிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்ற யோசனை எனக்கு வரவே இல்லை. வரிசையில் நிற்பார்கள். மேலே பலகை போட்ட உருண்டையான மர இருக்கை ஒன்றில் நான் உட்கார்ந்து பெயரைக் கூப்பிடுவேன்.

அந்த வருடம் ஆடி மாதம் ஊர் அம்மன் புறப்பாடு. அந்த அம்மனுக்கு ஏரிக்கு அக்கரையில் தாய்வீடு. வருடத்துக்கு ஒருமுறை மகள் தாய்வீட்டுக்குப் போவாள். ஊர்வலம் ஏரிக்கரை ஏறும்போது மூன்று வேட்டுப் போடுவார்கள். இரும்புக் குழாயில் மருந்தைக் கிட்டித்து வெடிக்கிற வேட்டு, நெஞ்சுக்கூடு அதிரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் அக்கரையில் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றுவார்கள். அடுப்பு எரியாத வீட்டு வாசலில் மகள் வந்து நிற்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. காலங்காலமாக வேட்டுப் போட்ட இடம் இப்போது முகாமின் வாசலாக ஆகிவிட்டது. அதை ஊராரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

முதல் வேட்டு வெடித்ததும் முகாம் முழுவதும் தரையில் குப்புற விழுந்தது. இரண்டாவதற்குப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினார்கள். ஊர்வலத்தில் வந்த சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. முகாம் இளைஞர்கள் நான்கு பேர் ஓடி வந்து குழாய்களை உதைத்துத் தள்ளி, மருந்தில் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். மூன்றாவது வேட்டு வெடிக்கவில்லை. அடிதடி. அம்மன் பாதி வழியில் நின்றுவிட்டு, தாய்வீடு போகாமலே திரும்பினாள்.

அப்புறம் என்ன? மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க முகாம் ஆட்களைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். பால் இல்லை. கடையில் கடன் இல்லை, சில நாள் காசு கொடுத்தாலும் சரக்கு இல்லை. இப்படியே பத்து மாதம் ஓடிற்று. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். "அடுத்த ஆடியிலும் தகராறுன்னா முகாமை மூணாப் பிரிச்சி மூணு ஜில்லாவுக்கு அனுப்பிடுவாங்க. நீதானே அவங்களை எண்ணுறவன்? பேசி முடி" என்றார். எண்ணத் தெரிந்தவனுக்குப் பேசத் தெரியும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

மூன்றாகப் பிரிப்பது என்றால் என்ன என்று செல்வராணி என்ற பெண் எனக்குச் சொன்னாள். கணவன் படகில் வரும்போதே இறந்துவிட்டான். தாயும் தங்கையும் பக்கத்துத் தடுப்பில். "குடும்ப அட்டை தனித்தனி. பிரிச்சால் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அங்கை குண்டுக்குப் பிரியாமல் வந்தம், இஞ்சை வந்து பிரியவோ?" என்று கேட்டாள். நான் பேனா மூடியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

சமாதானக் கூட்டம் போட்டேன், பள்ளிக்கூடத்தில். ஒரு பக்கம் ஊர், ஒரு பக்கம் முகாம். முதல் கூட்டத்தில் ஊர்க்காரர்கள் அவித்த மல்லாட்டையைக் கொண்டுவந்து தங்களுக்குள்ளேயே தின்றார்கள். அந்த வாசனை எதிர்ப்பக்கம் போவதை யாரும் தடுக்க முடியவில்லை, மல்லாட்டை மட்டும் போகவில்லை. தர்மகர்த்தா ராமலிங்கம் ஒரே பிடியாக இருந்தார்.

"வேட்டு போடாம அம்மா கெளம்பிடுச்சின்னு அக்கரைக்கு எவன் போயி சொல்றது? நீங்க சைக்கிள்ல போயி சொல்லிக்கினு வர்றீங்களா சார்?"

"போறேங்க" என்றேன், நிஜமாகவே.

"அம்மா வர்றதுக்கு கெவுர்மெண்டு ஆளு சேதி சொல்றதா? நல்லா கீது."

மூன்றாவது கூட்டத்தில் பேச ஒன்றும் மிச்சமில்லை. எல்லோரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரின் பம்பைக்காரர் முனுசாமி, சும்மா இருக்க முடியாத ஆசாமி, பெஞ்சில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். புறப்பாட்டு அடி அது. ஆறு தட்டு, பிறகு ஒரு தட்டுக்கு இடம் விடுவார், மறுபடி ஆறு. எதிர்ப்பக்கம் கணபதிப்பிள்ளை. முகாமிலேயே கோபக்காரர் அவர்தான், ஐம்பது வயது இருக்கும், எண்ணும்போது பெயருக்குப் பதில் சொல்லாமல் இருமிக் காட்டுவார். அவர் நெளிந்தார், கண்ணை மூடினார், பொறுக்க முடியாமல் முனுசாமி விட்ட இடத்தில் தன் மேசையில் ஓங்கி ஒரு தட்டு வைத்தார்.

முனுசாமி நிமிர்ந்தார். "யோவ், அங்க இன்னாத்துக்கு அடிக்கிற? அது அம்மா கால் வைக்கிற எடம். சிலம்பு மட்டுந்தான் குலுக்கணும்."

"சிலம்பு எங்கை? கையிலை இருக்கோ? வெறுமையா விட்டால் ஏழு எப்பிடி முடியும்? ஆறிலை நிண்டு நொண்டுது ஐசே."

"ஆறா? எம்மாம் வருசமா அடிக்கிறேன், ஆறுன்றான்! சார், நீங்க எண்ணுங்க சார். ஒங்க வேலையே அதுதான?"

வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டு தரப்பும் என்னை எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன். அடி ஆறு, இடம் ஏழு. "ரெண்டு பேரும் சரி" என்றேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். பிறகு என்னை விட்டுவிட்டு, பெஞ்சும் மேசையுமாக அரை மணி நேரம் மோதினார்கள். முனுசாமி ஒன்று அடிப்பார், பிள்ளை அதை மடித்துத் திருப்பி அடிப்பார். தர்மகர்த்தாவின் தலை தானாக ஆடிற்று. முடிவில் முனுசாமி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ" என்று சொல்லி, மல்லாட்டைக் கூடையை எதிர்ப்பக்கம் தள்ளினார்.

"தவில்காரரா நீங்க? தவில் எங்கே?" என்று நான் பிள்ளையிடம் கேட்டேன்.

"ஒரு வருசமா நீர் அதுக்கு மேலைதான் இருந்து எங்களை எண்ணுறீர் தம்பி. அது கதிரை இல்லை."

நண்பரே, எனக்குக் காது சிவந்துபோயிற்று. படகில் வரும்போது கடல் தண்ணீர் பட்டுத் தவிலின் தோல் இரண்டும் அழுகி, பலாக்கட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது. சும்மா கிடப்பானேன் என்று யாரோ பலகை போட்டுவிட்டார்கள்.

வேட்டுக்குப் பதில் மேளம் என்று அங்கேயே பேச்சாயிற்று. அந்தக் கட்டையை நான் பேருந்தில் ஏற்றி வளவனூருக்குக் கொண்டுபோனேன். அங்கே தோல் கட்டுகிற ஒருவர் இருந்தார். நடத்துநர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். "ஆளு எடத்த இது புடிச்சிக்கினு கீது, நீங்க நின்னுக்கினு வர்றீங்க" என்று வேறு சொன்னார். பிள்ளை துணிச்சுருளில் மைதாப் பசை தடவி, தவில் அடிக்க விரலில் மாட்டுகிற கூடுகளைச் செய்து, முகாமின் கம்பி வேலியில் வரிசையாகக் காய வைத்தார்.

ஒத்திகை நாளில் நான் சைக்கிளில் அக்கரைக்குப் போய் நின்றேன். இக்கரையில் ஒரு தவில், நான்கு பம்பை. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தவளைச் சத்தம் கேட்டது. ஆடிக் காற்று கேட்டது. திரும்பி வந்து சொன்னபோது தர்மகர்த்தா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப வேட்டுதான்" என்றார்.  மறுத்துப் பேச என்ன இருக்கிறது, கேட்கவில்லையே.

அப்போது செல்வராணி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்: "இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறம். எண்ணுறதுக்கு மட்டும்தானே எங்களை வரிசையிலை நிப்பாட்டுறியள்? அந்த விட்ட இடத்திலை நாங்கள் எல்லாரும் ஒண்டாக் கை தட்டினால் என்ன?"

தர்மகர்த்தா முனுசாமியைப் பார்த்தார். அது அம்மன் கால் வைக்கிற இடம். சொல்ல வேண்டியவர் முனுசாமிதான். அவர் வெகுநேரம் பம்பைக் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டினார். "அம்மாவுக்குத் தட்டுறாங்கன்னா தட்டட்டும்" என்றார் கடைசியில். "ஆனா ஆறுல தட்டிட்டா நான் பொறுப்பில்ல."

தட்டிப் பார்த்தார்கள். முதல் தட்டுக்கே வரிசையில் பாதிப் பேர் திடுக்கிட்டுக் குனிந்தார்கள். தங்கள் கைச் சத்தத்துக்குத் தாங்களே.  செல்வராணியின் தாய்தான் முதலில் சிரித்தாள். "எங்கட கைதானே பிள்ளையள், என்ன விசர்க் கூத்து" என்றாள். ஊர்ப் பக்கமும் சிரித்தது. போன வருடத்துச் சிரிப்பு அல்ல இது. மறுபடி தட்டினார்கள். பத்தாவது முறை ஒருவரும் குனியவில்லை.

புறப்பாட்டு நாளில் ஊர்வலத்தோடு நிற்க எனக்குத் தைரியமில்லை. அக்கரையில் அடுப்புகளோடு போய் உட்கார்ந்துகொண்டேன். பதினேழு பானை, மஞ்சள் கட்டியது, கீழே விறகு, தீ இல்லை. பச்சையம்மா என்கிற மூத்த பெண்மணி தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். நான்கு மணி என்று பேச்சு. நாலேகால் ஆயிற்று. மேல்காற்று மணலை அள்ளி வீசியது.

"இன்னா சார், ஒங்க கெவுர்மெண்டு வேட்டு எப்பதான் வெடிக்கும்?"

"வருங்கம்மா."

"ஈர வெறகா கீது. ஜல்தியா வரச்சொல்லுங்க."

நாலரை. கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினேன். மூன்று ஜில்லா, மூன்று பேருந்து, வரிசையில் நிற்கிற தாய்மார்களும் மகள்களும் என்று மனம் தானாக எண்ணிக்கொண்டு போயிற்று. அப்போதுதான் தண்ணீருக்கு மேலே ஏதோ வந்தது. மேளம் அல்ல. ஈரத் துணியைக் கல்லில் அறைந்ததுபோல ஒரே ஒரு சத்தம். காற்று என்று நினைத்தேன். வாய்க்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. மறுபடி அதே அறை. மறுபடி ஆறு. மறுபடி.

"அதுதான்! ஏத்துங்க, ஏத்துங்க!" என்று கத்தினேன்.

"கத்தாத சார். எனுக்கும் காது கீது" என்றார் பச்சையம்மா. தீக்குச்சி அதற்குள் கிழிபட்டிருந்தது.

பதினேழு அடுப்பும் பிடித்துக்கொண்டன. பால் பொங்கி வழிகிற நேரத்தில் அம்மன் கரை இறங்கி வந்தாள். முன்னால் முனுசாமி, பக்கத்தில் பிள்ளை, இருவர் சட்டையும் பிழிந்தால் தண்ணீர் வரும். பின்னால் முகாமும் ஊரும் பிரித்துப் பார்க்க முடியாதபடி வந்தார்கள். எண்ணலாம் என்று பார்த்தேன். முதலும் கடைசியுமாக ஒரு கூட்டத்தை என்னால் எண்ண முடியவில்லை; எல்லோரும் தட்டிக்கொண்டிருந்தார்கள், யார் எந்த ஊர் என்று எப்படி எண்ணுவது? தர்மகர்த்தா பரிவட்டத்தை எடுத்து முதலில் பிள்ளையின் தலையில் கட்டினார்.

"பாத்தியா, என் தாளத்த ஒங்க ஆளுங்கதான் முடிச்சிக் குடுத்தாங்க" என்றார் முனுசாமி.

"முடிக்காமல் விட்டது ஆர்? நீர்தானே" என்றார் பிள்ளை, பரிவட்டம் கண்ணில் விழ.

முகாமை யாரும் பிரிக்கவில்லை. மறுவாரமே மல்லாட்டை பிடுங்க ஆள் கூப்பிட வந்தார்கள்.

இப்போது அந்தக் கிடங்கு இல்லை. கான்கிரீட் வீடுகள் வந்துவிட்டன. பிள்ளையும் இல்லை, முனுசாமியும் இல்லை. செல்வராணி தாயின் கடைசி வரை தாயோடே இருந்துவிட்டு, பிறகு இலங்கைக்கே திரும்பினாள். வேட்டுக் குழாய்கள் பழைய இரும்புக்குப் போயின. புறப்பாட்டில் கைதட்டல் மட்டும் நடக்கிறது. ஏன் தட்டுகிறோம் என்று தட்டுகிறவர்களைக் கேட்டால், வழக்கம் என்கிறார்கள். சத்தம் கேட்டால் தரையில் விழுகிற அந்த உடம்பும் போய்விட்டது. முகாமில் பிறந்து வளர்ந்தவர்கள் சிரித்துக்கொண்டே நடக்கிறார்கள், ஒருவரும் வானத்தைப் பார்ப்பதில்லை. இத்தனை காலத்தில் காணாமல் போனவற்றுள் நான் தேடாத ஒன்று அந்தப் பழைய உடம்புதான்.

தவிலுக்குத் தோல் வாங்க அரசாங்கத்தில் செலவுத் தலைப்பு கிடையாது. ஆட்டுத்தோல், எருமைத்தோல், வார், கட்டுக்கூலி, லக்கேஜ் டிக்கெட், மூன்று கூட்டத்துக்குத் தேநீர், ஏரிக்கரைக் கல்லில் கிழிந்த சைக்கிள் டியூப் எல்லாம் என் சம்பளத்தில்தான். ஆக மொத்தம் முந்நூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.