முப்பத்தேழாம் சைஸ்

ஆம்பூர் போகும் காலைப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தார் ஒரு ஷூ கம்பெனிப் பெண். முப்பது வயதிருக்கும். நீலக் கோட்டு, ஊசி குத்திக் காய்த்த விரல்கள். என் மடியில் இருந்த, என் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கடிதக் கட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"பசங்க வெளிநாட்டு ஸ்கூலுக்கு எழுதறதா டீச்சர்? நாங்களும் படிக்கறப்ப எழுதினோம். எங்களுது ஷூ ஊராச்சே, அவங்கவங்க காலை வரைஞ்சு அனுப்பிக்கினோம். எனக்கு ஜெர்மனியில ஒருத்தி."

பையிலிருந்து பழைய தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தார். பென்சிலால் சுற்றி வரைந்த ஒரு சிறுமியின் பாதம்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. ஆறாவதோட லெட்டர் நின்னுபோச்சு. இப்ப எனக்கு முப்பத்தேழாம் சைஸ். ஜெர்மனி ஆர்டர்ல முப்பத்தேழு வந்தா நானே கேட்டு வாங்கித் தைப்பேன். எது அவளுக்குப் போவுதோ!"

"அங்கே எல்லாருக்கும் கால் பெரிசா இருக்குமே?" யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"தெரியும் டீச்சர். முப்பத்தொம்பது, நாப்பதுதான் ஜாஸ்தி வரும்." தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "முப்பத்தேழு கம்மிதான். ஆனா வருது இல்ல?"

அவர் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இப்போதெல்லாம் கடையில் முப்பத்தேழு என்று அச்சிட்ட ஷூவைக் கண்டால், அதன் தையலை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன்.