ரிசப்ஷனுக்கு எழுதிக் கொடுத்த பாட்டு

அவனுக்கு ஆறு வருடம் பாட்டு எழுதினேன். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. சாயங்காலம் ஆனால் ஸ்கூட்டரைத் தட்டாஞ்சாவடிக்கு விடுவேன். அங்கே ஒரு பட்டறைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில்தான் எங்கள் மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும். கீபோர்டு அண்ணன் மெட்டுப் போடுவார், நான் வரி எழுதுவேன், அவன் பாடுவான்.

அவன் குரலில் ஒரு குறை உண்டு. உச்சத்தில் 'ஆ' வந்தால் மணி போல நிற்கும். 'ஈ' வந்தால் பிளந்துவிடும். அதனால் மேலே ஏறும் இடத்திலெல்லாம் 'வா', 'நிலா' என்று பார்த்துப் பார்த்து வைப்பேன். அவனுக்கே அது தெரியாது. தன் குரல் எங்கேயும் உடையாது என்றே நம்பிக்கொண்டிருந்தான்.

ஒருநாள் மனதில் இருந்த காதலை அவனிடம் சொல்லிவிட்டேன்.

"பாட்டு எழுதி எழுதி உனக்குப் பித்துப் புடிச்சிக்கிச்சி" என்று சிரித்தான்.

வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். மறுநாள் நான் கொட்டகைக்குள் நுழைந்ததும், அவனிடம் தனியாகச் சொன்ன அதே வார்த்தைகளைத் தபேலாக்காரர் ராகம் போட்டுப் பாடினார். எல்லோரையும்விட அவன்தான் அதிகம் சிரித்தான்.

அடுத்த வருடம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

"ரிசப்ஷன்ல அவளுக்கு ஒரு பாட்டு பாடப் போறேன். நீதான் எழுதித் தரணும். உன்ன உட்டா யாரு இருக்கா எனக்கு?"

"எழுதறேன்" என்றேன்.

கல்யாண அலைச்சலில் அவன் மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பழகிக்கொண்டான். வரிகளை அன்று காலையில்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நல்ல வரிகள், யாரும் குறை சொல்ல முடியாது. 'விடியலும் நீ, வீடும் நீ, விளக்கும் நீ' என்று மூன்று 'நீ'யும் உச்சத்துக்குப் போகும்.

நெல்லித்தோப்பில் ஒரு மண்டபம். மாதா கோயில் ஆட்கள், அவன் சொந்தக்காரர்கள் என்று கூட்டம் நிறைந்திருந்தது. போனைப் பார்த்துப் பாடினான். முதல் 'நீ' பிசிறியது. இரண்டாவது உடைந்தது. மூன்றாவதில் மைக்கே கீச்சிட்டது போல இருந்தது. மண்டபம் சிரித்தது. மணப்பெண் பூச்செண்டால் வாயை மூடிக்கொண்டாள். கீபோர்டு அண்ணன் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஐஸ்கிரீமை நிதானமாகச் சாப்பிட்டு முடித்தேன்.

இரண்டு வாரம் கழித்து, கொட்டகை வாசலில் அவன் என்னை மறித்தான்.

"அண்ணன் சொன்னாரு. வேணும்னே தான எழுதின?"

"ஆமா."

"நான் உனக்கு என்ன பண்ணேன்?"

அவன் நடிக்கவில்லை. உண்மையிலேயே மறந்துபோயிருந்தான். நான் மனதைத் திறந்ததும் கொட்டகையே சிரித்ததும் அவனுக்கு ஞாபகம்கூட இல்லை என்பது, அந்தச் சிரிப்பைவிட அதிகமாகச் சுட்டது.

அந்த வாரமே, விட்டுவிட்டுப் போவதைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, குழுவில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண்ணுக்குக் கொடுத்தேன். கனமான குரல் அவளுக்கு. இப்போது எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அவன் காதிலும் அது விழுந்திருக்கிறது.

"அது எனக்காக எழுதினதா? நான் பாடட்டுமா?" என்று போன் செய்தான்.

"உன்னப் பத்தி எழுதினது. உனக்கு எழுதினது இல்ல" என்று வைத்துவிட்டேன்.

அவனை மன்னித்துத்தான் அதை எழுதினேன் என்று குழுவில் பேசிக்கொள்கிறார்கள். மன்னிக்கவில்லை. இனி அவன் தொண்டைக்கு ஏற்ற சொல்லைத் தேட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.